சட்டத்தில் இல்லாத பெயர்: ஜான் கான்யர்ஸின் மசோதாக் கணக்கு

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஜான் கான்யர்ஸ் ஏறக்குறைய 53 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். 1965 ஜனவரி 3 அன்று டெட்ராய்ட் நகரத்தின் பிரதிநிதியாக உள்ளே வந்தவர், 2017 டிசம்பர் 5 அன்று பதவி விலகி வெளியே போனார். இந்தக் காலத்தில் அவர் நூற்றுக்கணக்கான மசோதாக்களைத் தன் பெயரில் கொண்டுவந்திருக்கிறார். மற்றவர்களின் மசோதாக்களுக்குப் போட்ட கையெழுத்து அதைப் போலப் பல மடங்கு. ஆனால் அவர் பெயர் முதலில் நின்று, அதே எண்ணோடு இரண்டு சபைகளையும் தாண்டி, அதிபரின் கையெழுத்து வரை போன மசோதாக்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அரை நூற்றாண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும்.

தேர்தல் நேரத்தில் எதிராளிகள் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். “இத்தனை வருஷத்தில் எத்தனை சட்டம் போட்டார்?” கான்யர்ஸ் மட்டுமல்ல, நீண்டகாலம் இருந்த எந்த அமெரிக்க உறுப்பினரையும் இந்தக் கேள்வியால் மடக்கலாம். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலாகத் தரப்படும் எண்தான் தவறான இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கான்யர்ஸின் கணக்கை ஒரு மாதிரியாக வைத்து, அந்த எண்ணில் எது விடுபடுகிறது, எது அநியாயமாகச் சேருகிறது என்று பார்க்கலாம்.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு சபைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அரசு மசோதா, தனிநபர் மசோதா என்ற பிரிவினையே கிடையாது. அதிபர் விரும்பும் சட்டத்தையும் ஒரு உறுப்பினர்தான் தன் பெயரில் கொண்டுவர வேண்டும். பிரதிநிதிகள் சபையில் செயலரின் மேசையருகே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மசோதாவை அதில் போட்டால் தாக்கல் ஆகிவிட்டது என்று பொருள். போடுகிற ஒருவர்தான் முன்மொழிபவர். அவரோடு சேர்ந்து பெயர் கொடுப்பவர்கள் இணை முன்மொழிபவர்கள். முன்மொழிபவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். இணைபவர்களுக்கு இப்போது உச்சவரம்பு இல்லை.

‘இப்போது’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கான்யர்ஸ் சபைக்கு வந்தபோது இணை முன்மொழிவே அங்கே அனுமதிக்கப்படவில்லை. ஒரு மசோதாவை ஆதரிக்கிறோம் என்று காட்ட நினைத்தவர்கள் அதே வாசகத்தைத் தட்டச்சு செய்து தங்கள் பெயரில் தனியாகத் தாக்கல் செய்தார்கள். ஒரே மசோதா பல எண்களில் கிடந்தது. 1967இல் விதி மாறி, ஒரு மசோதாவுக்கு 25 பேர் வரை இணையலாம் என்றானது. அதற்கு மேல் ஆதரவு இருந்தால் இன்னொரு பிரதியை இன்னொரு எண்ணில் போட வேண்டும். 1979இலிருந்துதான் எத்தனை பேர் வேண்டுமானாலும் இணையலாம் என்ற நிலை. ஆக 1970களின் உறுப்பினர் ஒருவருடைய ‘மசோதா எண்ணிக்கை’யையும் 2010களின் உறுப்பினர் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. முன்னவருடைய கணக்கில் ஒரே மசோதா மூன்று நான்கு முறை எண்ணப்பட்டிருக்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு காங்கிரஸின் ஆயுளும் இரண்டே ஆண்டுதான். அதற்குள் நிறைவேறாத எல்லாம் காலாவதி. அடுத்த காங்கிரஸில் புதிய எண்ணோடு, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். முந்தைய முறை கையெழுத்துப் போட்டவர்களிடமும் மறுபடி போய் நிற்க வேண்டும்.

இந்தத் தொடர் ஓட்டத்தை கான்யர்ஸ் எங்கே பார்த்திருப்பார் என்று ஊகிக்க முடியும். சபைக்கு வருவதற்கு முன் அவர் ஜான் டிங்கெல் என்ற மிச்சிகன் உறுப்பினரிடம் சட்ட உதவியாளராக வேலை பார்த்தவர். டிங்கெலின் தந்தை 1943இல் தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதா ஒன்றைக் கொண்டுவந்த மூவரில் ஒருவர். 1955இல் தந்தை இறந்தபின் அதே தொகுதியில் வென்ற மகன், ஒவ்வொரு காங்கிரஸ் தொடங்கும்போதும் அந்த மசோதாவை மீண்டும் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார். நிறைவேறாது என்று தெரிந்தும் போடுவது ஒரு வேலைமுறை என்பதை கான்யர்ஸ் அந்த அலுவலகத்தில்தான் கற்றுக்கொண்டார் என்பது என் எண்ணம்.

1964இல் கட்சியின் உள்தேர்தலை வெறும் 108 வாக்கு வித்தியாசத்தில் வென்றுதான் அவர் வாஷிங்டன் போனார். அந்தப் பிரசாரத்தில் உழைத்த ரோசா பார்க்ஸ் பின்னர் அவருடைய டெட்ராய்ட் அலுவலகத்தில் 1988 வரை பணியாற்றினார். பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த அதே ரோசா பார்க்ஸ்தான்.

இப்போது அவருடைய மிகப் பெரிய மசோதாவுக்கு வருவோம். அவர் பெயரில் சட்டமாகாத மசோதா அது.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக அறிவிக்கும் மசோதாவை கான்யர்ஸ் தாக்கல் செய்தார். அது குழுவுக்குப் போய் அங்கேயே கிடந்தது. அடுத்த காங்கிரஸில் மீண்டும் போட்டார். அதற்கடுத்ததிலும் போட்டார். வெளியே லட்சக்கணக்கில் கையெழுத்துகள் திரண்டன. 1973இல் இல்லினாய்ஸ் மாநிலம் முதலாவதாகத் தன் அளவில் விடுமுறை அறிவித்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. காங்கிரஸ் மட்டும் நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்பதற்கு அரசியல் காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. தேசிய விடுமுறை என்பது நடைமுறையில் மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு. ஆகவே இந்த மசோதா அஞ்சல் மற்றும் குடிமைப் பணிகள் குழுவுக்குப் போகும். கான்யர்ஸ் இருந்தது நீதித் துறைக் குழுவில். தன் மசோதாவைத் தானே விசாரணைக்கு எடுக்கவோ வாக்கெடுப்புக்கு விடவோ அவருக்கு வழியில்லை. மசோதா எந்தக் குழுவுக்குப் போகிறது, அந்தக் குழுவின் தலைவர் யார் என்பதில்தான் பாதித் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. முன்மொழிபவரின் திறமை என்று வெளியே எழுதப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

1979இல் ஒரு வாய்ப்பு வந்தது. அதிபர் கார்ட்டர் ஆதரவு தெரிவித்தார். கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் குழுக்களின் முன் சாட்சியம் அளித்தார். நவம்பர் 13 அன்று மசோதா அவைக்கு வந்தது. ஆனால் வந்த வழி, வழக்கமான விதிகளை நிறுத்திவைத்துச் சர்ச்சை இல்லாத மசோதாக்களை விரைவாக முடிக்கும் குறுக்குவழி. விவாதம் குறைவு, திருத்தம் கொண்டுவர முடியாது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 252 பேர் ஆதரித்தார்கள், 133 பேர் எதிர்த்தார்கள். ஐந்து வாக்கு குறைந்தது. சாதாரண வழியில் வந்திருந்தால் அபாரப் பெரும்பான்மை.

பிறகு சாதாரண வழியிலும் கொண்டுவந்து பார்த்தார்கள். அங்கே திருத்தம் கொண்டுவரலாம் அல்லவா? விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும் திருத்தம் வந்து அதுவும் நிறைவேறிவிட்டது. ஞாயிறு எப்படியும் விடுமுறை. இப்படி ஒரு விடுமுறை வேண்டாம் என்று ஆதரவாளர்களே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எதிர்ப்பாளர்கள் சொன்ன வெளிப்படையான காரணங்கள் இரண்டு: ஒரு நாள் சம்பளச் செலவு, அரசுப் பதவி எதுவும் வகிக்காத ஒருவருக்குத் தேசிய விடுமுறையா என்ற தயக்கம்.

அப்புறம் 1982 நவம்பரில் இந்தியானாவின் கேரி நகரத்திலிருந்து கேட்டி ஹால் இடைத்தேர்தலில் வென்று வந்தார். அந்த மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினத்தவர். சபையில் அவர் முற்றிலும் புதியவர். ஆனால் அஞ்சல் மற்றும் குடிமைப் பணிகள் குழுவில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான துணைக்குழுவின் தலைவர் பதவி அவருக்குக் கிடைத்தது. விடுமுறை மசோதாக்கள் முதலில் வந்து விழும் இடமே அதுதான். 1983 ஜூலை இறுதியில் அவர் தன் பெயரில் எச்.ஆர். 3706 என்ற மசோதாவைப் போட்டார் (எச்.ஆர். என்பது பிரதிநிதிகள் சபை மசோதாவுக்கான குறி). கான்யர்ஸின் கருத்துதான், ஒரு மாற்றத்தோடு: விடுமுறை ஜனவரி 15 அல்ல, ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை. வாரத்தின் நடுவில் விடுமுறை விழுவதால் ஆகும் செலவு பற்றிய முணுமுணுப்பு இதோடு கணிசமாக அடங்கியது.

ஆகஸ்ட் 2 அன்று பிரதிநிதிகள் சபை 338க்கு 90 என்று நிறைவேற்றியது. செனட்டில் வட கரோலினாவின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் நீண்ட பேச்சால் தடுக்கப் பார்த்தார். கிங்கைக் கம்யூனிஸ்டுகளோடு சேர்த்துப் பேசும் ஒரு ஆவணக் கட்டை அவையில் வைத்தார். நியூயார்க் செனட்டர் மொய்னிஹன் அதைக் குப்பை என்று சொல்லித் தரையில் வீசினார். அக்டோபர் 19 அன்று 78க்கு 22 என்று செனட்டும் நிறைவேற்றியது. தொடக்கத்தில் தயங்கிய அதிபர் ரீகன் நவம்பர் 2 அன்று கையெழுத்திட்டார். முதல் விடுமுறை 1986 ஜனவரி 20.

சரி, பதிவேட்டில் என்ன இருக்கிறது? பொதுச் சட்டம் 98-144, முன்மொழிந்தவர் கேட்டி ஹால். கான்யர்ஸின் 15 ஆண்டு மசோதாக்கள் ஒவ்வொன்றும் சட்டமாகாமல் நின்ற தனித்தனித் தோல்விகள். வெற்றி விகிதம் கணக்கிடும் எந்தச் சூத்திரமும் ஹாலுக்கு ஒன்றுக்கு ஒன்று என்றும், கான்யர்ஸுக்குப் பூஜ்ஜியம் என்றும்தான் மதிப்பெண் போடும். ஹாலின் பங்கைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை என்ற யோசனையும் துணைக்குழுவின் கதவும் இல்லாமல் அந்த மசோதா இன்னும் எத்தனை ஆண்டு கிடந்திருக்குமோ. வரலாற்றில் இடம்பெற்ற சட்டத்தைத் தந்த அவரே 1984 உள்தேர்தலில் தோற்றுப்போனார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மதிப்பெண்ணுக்கு வாக்காளர்களிடம் எவ்வளவு மதிப்பு என்பதும் தெரியும்.

பெயர் காணாமல் போக இன்னொரு வழி, மசோதா மற்றொரு மசோதாவுக்குள் போய்விடுவது. வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான சட்டம் அப்படிப்பட்டது. 1998இல் டெக்சஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் பெர்ட் என்ற கறுப்பினத்தவரும், வயோமிங்கில் மாத்யூ ஷெப்பர்ட் என்ற ஒருபாலீர்ப்பு மாணவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். பாலின ஈர்ப்பு, பாலினம், உடல் ஊனம் ஆகியவற்றின் அடிப்படையில் நடக்கும் தாக்குதல்களையும் மத்திய சட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சியை பிரதிநிதிகள் சபையில் கான்யர்ஸ் தொடர்ந்து நடத்தினார். 2007இல் அவருடைய மசோதா சபையில் 237க்கு 180 என்று நிறைவேறியது. அதிபர் புஷ் தரப்பிலிருந்து ரத்து அதிகார எச்சரிக்கை வந்தது. முயற்சி அந்த ஆண்டோடு நின்றது. 2009 ஏப்ரல் 29 அன்று எச்.ஆர். 1913 என்ற எண்ணில் 249க்கு 175 என்று மறுபடி நிறைவேறியது.

அந்த எச்.ஆர். 1913 சட்டமாகவில்லை. பதிவேட்டில் ‘சபையில் நிறைவேறியது’ என்பதோடு நிற்கிறது. செனட்டில் தனி மசோதாவாகக் கொண்டுபோனால் இழுத்தடிப்பார்கள் என்பதால், அதன் சாரத்தைப் பாதுகாப்புத் துறையின் ஆண்டு ஒப்புதல் மசோதாவில் திருத்தமாகச் சேர்த்தார்கள். ராணுவச் செலவுக்கான மசோதாவை எதிர்த்து வாக்களிக்க யாரும் அவ்வளவு எளிதில் துணிய மாட்டார்கள். 2009 அக்டோபர் 28 அன்று ஒபாமா அதில் கையெழுத்திட்டார். ஷெப்பர்ட், பெர்ட் இருவர் பெயரையும் தாங்கிய அந்தப் பகுதி இப்போது நாட்டின் சட்டம். முன்மொழிந்தவர் என்று பதிவாகியிருப்பது ராணுவச் சேவைகள் குழுவின் தலைவர் ஐக் ஸ்கெல்டன். எத்தனையோ ஆண்டு சுமந்தவருக்கு இங்கேயும் கணக்கில் வரவு இல்லை.

திருத்தங்கள் இந்த எண்ணிக்கைக்குள் வருவதே இல்லை என்பது தனிக் குறை. 2013இல் தேசியப் பாதுகாப்பு முகமை எல்லோருடைய தொலைபேசி விவரங்களையும் மொத்தமாகத் திரட்டுகிறது என்ற செய்தி வெளியானது. மிச்சிகனின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜஸ்டின் அமாஷும் கான்யர்ஸும் சேர்ந்து, அதற்கான நிதியை நிறுத்தும் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். வலதுசாரி இளைஞர் ஒருவர், இடதுசாரி முதியவர் ஒருவர். ஜூலை 24 அன்று 205க்கு 217 என்று மயிரிழையில் தோற்றது. அந்தத் தோல்வியின் நெருக்கம்தான் இரண்டு கட்சித் தலைமைகளையும் உலுக்கியது. 2015இல் மொத்தமாகத் திரட்டும் ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் வந்தபோது, முன்மொழிந்தவர் விஸ்கான்சினின் ஜிம் சென்சன்பிரென்னர், குடியரசுக் கட்சிக்காரர். கான்யர்ஸ் இணை முன்மொழிபவர்.

சென்சன்பிரென்னர்-கான்யர்ஸ் ஜோடி அதற்கு முன்பும் சேர்ந்து வேலை பார்த்ததுதான். 2006இல் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 25 ஆண்டுக்கு நீட்டித்த மசோதாவுக்கு சென்சன்பிரென்னர் முன்மொழிபவர். நீதித் துறைக் குழுவின் தலைவர் அவர், எதிர்த்தரப்பின் மூத்த உறுப்பினர் கான்யர்ஸ், அவர் இணைந்தார். சபையில் 390க்கு 33, செனட்டில் 98க்கு 0. எச்.ஆர். 9 என்ற அந்த எண்ணைப் பாருங்கள். முதல் பத்து எண்கள் சபாநாயகருக்காக ஒதுக்கப்படுபவை. பெரும்பான்மைக் கட்சி தன் முத்திரையைக் குத்தியே இதைக் கொண்டுவந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1995 முதல் 2006 வரையிலும், 2011 முதல் அவர் விலகும்வரையிலும் கான்யர்ஸின் ஜனநாயகக் கட்சி சபையில் சிறுபான்மை. சிறுபான்மைக் கட்சிக்காரர் முன்மொழிந்த பெரிய மசோதா அவைக்கு வருவது அபூர்வம். மசோதா உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அவர் முன்னிருக்கையை விட்டுக்கொடுத்துப் பின்னால் உட்கார வேண்டும். இணை முன்மொழிவு என்பது சில நேரம் சும்மா போட்ட கையெழுத்து, சில நேரம் வரைவின் பாதியை எழுதியவரின் கையெழுத்து. பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. ஜாஸ் இசையை அரிய தேசியச் செல்வமாக அறிவித்த 1987 தீர்மானம் கான்யர்ஸுடையது. இரண்டு சபைகளும் ஏற்றுக்கொண்டன. அவர் மிகவும் பெருமைப்பட்ட விஷயம் அது. சட்ட வலிமை ஏதும் இல்லாத இணைத் தீர்மானம், அதிபரின் கையெழுத்தும் தேவையில்லை. வெற்றிக் கணக்கில் மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

இனி எச்.ஆர். 40. கான்யர்ஸின் வாழ்க்கையில் மிக நீண்ட ஓட்டம் இதுதான், அவரைப் பற்றிய என் மனக்குறையும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் விஷயத்தில் காங்கிரஸ் ஒரு வழியைக் காட்டியிருந்தது. 1980இல் ஓர் ஆய்வு ஆணையம் அமைத்தார்கள். ஆணையத்தின் அறிக்கை வந்தது. 1988 ஆகஸ்டில் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம், உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் அரசின் மன்னிப்பும் கிடைத்தன. மறுஆண்டே, 1989இல், அதே அச்சில் கான்யர்ஸ் ஒரு மசோதா போட்டார். அடிமை முறையையும் அதன் பிறகான பாகுபாட்டையும் ஆராய்ந்து, நிவாரணம் என்னவாக இருக்கலாம் என்று பரிந்துரைக்கும் ஆணையம் ஒன்று வேண்டும். அந்த மசோதா யாருக்கும் ஒரு டாலர்கூடத் தராது. ஆணையம் மட்டும்தான். எதிர்ப்பவர்கள் இதை இழப்பீட்டு மசோதா என்றே அழைத்தார்கள், ஆதரித்தவர்களில் பலரும் அப்படியே நினைத்தார்கள்.

அதற்கு 40 என்ற எண்ணை அவர் பின்னர் கேட்டு வாங்கிக்கொண்டார். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான அடிமைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 40 ஏக்கர் வரை நிலம் தர உத்தரவிட்டார். லிங்கனின் கொலைக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிக் கொடுத்தார். நிறைவேறாத அந்த வாக்குறுதியின் நினைவுதான் இந்த 40. காங்கிரஸ் மாறினாலும் எண் மாறக் கூடாது என்பதில் கான்யர்ஸ் பிடிவாதமாக இருந்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை எல்லாம் அழிந்து புதிதாய்த் தொடங்கும் ஓர் அமைப்பில், ஒரு மசோதாவுக்கு முகவரி கொடுப்பதற்கு இது கெட்டிக்காரத்தனமான வழி.

ஆனால் 2007 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி சபையைக் கைப்பற்றியது. கான்யர்ஸ் நீதித் துறைக் குழுவின் தலைவரானார். எச்.ஆர். 40 போகும் குழு அதேதான். கிங் விடுமுறை மசோதாவில் அவருக்குக் கிடைக்காத சாவி இப்போது அவர் கையிலேயே இருந்தது, நான்கு ஆண்டுகள். 2007 டிசம்பர் 18 அன்று துணைக்குழுவில் ஒரு விசாரணை நடந்தது. அதோடு சரி. குழுவில் வாக்கெடுப்புக்கு விடவே இல்லை.

ஏன்? அவருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது உண்டு. ஒரு கறுப்பினத்தவர் அதிபராகும் வாய்ப்பு முதன்முறையாகத் தெரிந்த நேரம். இழப்பீடு பற்றிய வாக்கெடுப்பு அந்த வேட்பாளருக்குச் சங்கடம் தரும் என்று கட்சியில் பலர் கருதியிருக்கலாம். இணை முன்மொழிபவர்களும் அப்போது குறைவு. ஆனால் குழு வாக்கெடுப்புக்குச் சபைப் பெரும்பான்மை தேவையில்லை, குழுவின் பெரும்பான்மை போதும். தோற்றிருந்தாலும் யார் எந்தப் பக்கம் என்பது பதிவாகியிருக்கும். கான்யர்ஸ் மசோதாக்களைத் தொடங்குவதில் அசாத்தியமானவர், முடிப்பதற்கான அழுத்தம் கொடுப்பதில் அவ்வளவு இல்லை. அவருடைய சட்ட எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு அமைப்பை மட்டுமே பழிசொல்பவர்கள் இந்த நான்கு ஆண்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இணை முன்மொழிபவர் எண்ணிக்கையை எப்படி வாசிப்பது என்பதற்கு அவருடைய இன்னொரு மசோதா நல்ல பாடம். 2003இல் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு தரும் எச்.ஆர். 676ஐக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அவரோடு இணைந்தவர்கள் சொற்பம். ஒவ்வொரு காங்கிரஸிலும் அதே எண்ணில் மீண்டும் மீண்டும் போட்டார். 2017-18 காங்கிரஸில் இணைந்தவர்கள் 120ஐத் தாண்டினார்கள். சபையில் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் பாதிக்கும் மேல். மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை, குழுவைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் ஒரு கட்சியின் நடுப்புள்ளி எங்கே நகர்ந்தது என்பதை அந்தக் கையெழுத்துப் பட்டியல் ஆண்டுவாரியாகக் காட்டுகிறது. எந்தக் கருத்துக்கணிப்பையும்விட இது நம்பகமானது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் பெயரில், தேதியோடு போட்ட கையெழுத்து.

நம்பகமானது என்றாலும் விலை மலிவானதும்கூட. அவைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்த மசோதாவுக்குக் கையெழுத்துப் போடுவதில் ஆபத்து குறைவு. தொகுதியில் ஒரு சங்கம் கேட்டது, போட்டேன் என்று முடித்துக்கொள்ளலாம். ஆதரவு வாக்கு வேறு, கையெழுத்து வேறு. எனவே மொத்த எண்ணைவிட, யார் யார் எப்போது சேர்ந்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. தாக்கல் செய்த நாளிலேயே இணைந்தவர்கள், எதிர்க்கட்சியிலிருந்து வந்தவர்கள், சம்பந்தப்பட்ட குழுவில் இருப்பவர்கள் - இந்த மூன்று வகையினரின் ஒரு பெயர், மற்றவர்களின் பத்துப் பெயருக்குச் சமம். எச்.ஆர். 676க்குக் குடியரசுக் கட்சியிலிருந்து யாரும் வரவில்லை. வாக்குரிமைச் சட்ட நீட்டிப்புக்கு இரண்டு கட்சியிலிருந்தும் வந்தார்கள். முடிவுகளின் வித்தியாசம் அங்கேயே எழுதப்பட்டிருந்தது. பின்னர் 2019இல் சபையும் இதற்கு ஒரு விதியளவிலான மதிப்புக் கொடுத்தது: 290 பேர் இணைந்த மசோதா, குழு அசையாவிட்டாலும் அவைக்கு வருவதற்குத் தனி நாள்பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள்.

2017 நவம்பரில் கான்யர்ஸ் மீது அவர் அலுவலகப் பெண் ஊழியர்கள் கூறிய பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வெளியாயின. அவர் மறுத்தார். ஆனால் கட்சித் தலைமையே விலகச் சொன்னது. டிசம்பர் 5 அன்று விலகினார். சபையின் மிக மூத்த உறுப்பினர் அப்போது அவர்தான். அவருடைய பதிவைப் பேசும்போது இதை அடிக்குறிப்பாகத் தள்ளுவது சரியல்ல. உரிமைகளுக்காக அத்தனை மசோதா போட்டவரின் அலுவலகத்திலிருந்தே வந்த புகார்கள் இவை.

இந்த விலகல் விதிநூலின் ஒரு விசித்திரத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரு மசோதாவில் புதிய பெயர்களைச் சேர்க்கும் உரிமை முன்மொழிபவருக்கு மட்டுமே உண்டு. முன்மொழிபவர் சபையை விட்டுப் போய்விட்டால்? எச்.ஆர். 676 காங்கிரஸ் முடியும்வரை செல்லுபடியாகும், ஆனால் அதில் யாரும் புதிதாக இணைய முடியாது. மினசோட்டாவின் கீத் எலிசன் 2018 மார்ச்சில் அவையின் ஒருமனதான அனுமதி கேட்டு, பெயர் சேர்ப்பதற்காக மட்டும் தன்னை முதல் முன்மொழிபவராகக் கருதும்படி செய்துகொண்டார். யாராவது ஒருவர் ஆட்சேபித்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. பதிவேட்டில் முன்மொழிந்தவர் இடத்தில் இன்னும் கான்யர்ஸ் பெயர்தான்.

2019இல் அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டவர் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால். அவர் பழைய மசோதாவை அப்படியே போடவில்லை. விரிவாக மாற்றி எழுதி, எச்.ஆர். 1384 என்ற வேறு எண்ணில், 106 பேரை முதல் நாளே சேர்த்துக்கொண்டு தாக்கல் செய்தார். 120ஐத் தாண்டியிருந்தது 106 ஆகக் குறைந்தது என்று சிலர் எழுதினார்கள். முதல் நாள் எண்ணையும் ஆயுள் முடிவில் நின்ற எண்ணையும் ஒப்பிட்டதால் வந்த தவறு அது.

எச்.ஆர். 40ஐ ஏற்றுக்கொண்டவர் டெக்சஸின் ஷீலா ஜாக்சன் லீ. எண்ணை மாற்றவில்லை. அவர் கையில் இணைந்தவர்களின் எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. 2019 ஜூன் 19 அன்று துணைக்குழு விசாரணை நடந்தது. 2021 ஏப்ரல் 14 அன்று நீதித் துறைக் குழு 25க்கு 17 என்று மசோதாவை ஏற்று அவைக்கு அனுப்பப் பரிந்துரைத்தது. முதல் தாக்கலுக்கு 31 ஆண்டுகளுக்குப் பின் நடந்த முதல் குழு வாக்கெடுப்பு. கான்யர்ஸ் 2019 அக்டோபரில் இறந்திருந்தார். தலைமை அதை அவையின் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவில்லை, அந்தக் காங்கிரஸோடு அது காலாவதியானது. ஜாக்சன் லீ 2024 ஜூலையில் காலமானார். 2025 பிப்ரவரியில் மாசசூசெட்ஸின் அயானா பிரெஸ்லி அதே எண்ணில் மறுபடி தாக்கல் செய்தார். கையெழுத்துப் பட்டியல் மறுபடியும் முதல் பெயரிலிருந்து தொடங்கியது.